ஒருமுறை செய்துவிட்டுக் கேட்கிற கேள்வி
கணினிப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றியே நிற்கின்றன: பாஸ்கல் என்ற செய்நிரல் (புரோகிராம்) மொழியின் 'ரிப்பீட் அன்டில்'. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்றுக்கு லூப் என்று பெயர்: நிற்கலாமா என்று ரிப்பீட் அன்டில் வேலையைச் செய்த பிறகு கேட்கும், உள்ளே போகலாமா என்று வைல் செய்யும் முன்பே கேட்கும். தவணைப் பரீட்சை கிட்டத்தான் போலிருக்கிறது. பிரிண்டர், கைப்பேசிக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம். செய்நிரல் வரிகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் அடிக்கும்போது கட்டளைகளைப் பாடநூலில் உள்ளபடியே ஆங்கில எழுத்தில் அடியுங்கள், மாறிகளுக்கும் (மதிப்பைப் போட்டுவைக்கும் பெட்டிகளுக்கும்) ஆங்கிலப் பெயரே வையுங்கள்.

சேர், வைல் லூப்பில் எழுதினாலும் ரிப்பீட் அன்டிலில் எழுதினாலும் ஒரே விடைதான் வருகிறது. பிறகு எதற்கு இரண்டு? பரீட்சையில் எதை எழுதினால் புள்ளி கூட?
தரம் 11 மாணவி, களுவாஞ்சிக்குடி

ஒரே விடை வருவது நீங்கள் கொடுத்துப் பார்த்த எண்களுக்கு மட்டும்தான், மகள். ஓர் எண்ணில் எத்தனை இலக்கங்கள் என்று எண்ணும் செய்நிரலை இரண்டு விதமாகவும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். 4527, 30, 8 என்று கொடுத்திருக்கிறீர்கள். இரண்டுமே 4, 2, 1 என்று சரியாகச் சொல்லியிருக்கின்றன. இப்போது 0 கொடுத்துப் பாருங்கள்.

முதலாவது இது (:= என்றால் வலப்பக்க மதிப்பை இடப்பக்க மாறியில் போடு; டிவ் 10 என்றால் 10-ஆல் வகுத்து மீதியை விட்டுவிடு, அதாவது கடைசி இலக்கம் கழன்றுவிடும்):

எண்ணிக்கை := 0;
வைல் எண் > 0 டூ
பிகின்
  எண் := எண் டிவ் 10;
  எண்ணிக்கை := எண்ணிக்கை + 1;
என்ட்;

0 வந்ததும் "எண் 0-ஐ விடப் பெரிதா?" என்று வைல் வாசலிலேயே கேட்கிறது. இல்லை. உள்ளே போகாமலே வெளியேறி, இலக்கங்கள் 0 என்கிறது. ஆனால் 0 என்று எழுத ஓர் இலக்கம் வேண்டுமல்லவா?

இரண்டாவது:

எண்ணிக்கை := 0;
ரிப்பீட்
  எண் := எண் டிவ் 10;
  எண்ணிக்கை := எண்ணிக்கை + 1;
அன்டில் எண் = 0;

இது ஒருமுறை வகுத்து, ஒன்றைக் கூட்டிவிட்டுத்தான் கேள்வியே கேட்கிறது. 0-க்கு விடை 1. எந்த எண்ணுக்கும் குறைந்தது ஓர் இலக்கம் உண்டு என்ற கணித உண்மையும், உடல் குறைந்தது ஒருமுறை ஓடும் என்ற லூப்பின் குணமும் இங்கே பொருந்திப் போகின்றன. அதனால்தான் இந்தக் கணக்குக்கு ரிப்பீட் சரி.

ஆகவே எழுதத் தொடங்கும் முன் உங்களையே ஒன்று கேளுங்கள்: இந்த வேலையை ஒருதடவைகூடச் செய்யாமல் விடவேண்டிய நிலை வருமா? வரும் என்றால் வைல். வரவே வராது என்றால் ரிப்பீட். கல்லடிப் பாலத்தடியில் வலை வீசுகிறவரைப் பாருங்கள். ஒருதரம் வீசி இழுத்த பிறகுதான் "இன்றைக்கு இது போதுமா?" என்று அவர் யோசிக்கவே முடியும். கேள்விக்கான விடை வேலையைச் செய்த பிறகுதான் கையில் கிடைக்கும் என்றால், கேள்வி கீழே இருக்கவேண்டும்.

பரீட்சைக்காக ஒன்று. இதைப்போல வந்தால் ஏமாறாதீர்கள்:

எ := 10;
ரிப்பீட்
  ரைட்எல்என்(எ);
  எ := எ + 1;
அன்டில் எ > 5;

"எ ஏற்கெனவே 5-ஐ விடப் பெரிது, ஆகவே வெளியீடு இல்லை" என்று எழுதுகிற பிள்ளைகள் அநேகம். வெளியீடு 10, ஒரே ஒருமுறை. செய்நிரலின் போக்கைக் காட்டும் பாய்ச்சற்கோட்டுப் படம் கீறும்போதும் இதே கதைதான்: ரிப்பீட்டுக்குச் செய்கைப் பெட்டி மேலே, கேள்வி கேட்கும் சாய்சதுரம் கீழே. சாய்சதுரத்தை மேலே வைத்தால் நீங்கள் கீறியது வைல். அப்புறம், ரிப்பீட்டுக்கும் அன்டிலுக்கும் இடையே எத்தனை வரி இருந்தாலும் பிகின், என்ட் தேவையில்லை. அந்த இரண்டு சொற்களே வேலியாக நிற்கின்றன. போட்டாலும் பிழையில்லை, கை வலிதான்.

வாப்பாவின் கடைக்கு அன்றாட விற்பனையைக் கூட்ட ஒரு செய்நிரல் எழுதினேன். கடைசியில் -1 அடித்தால் நிற்கும். மொத்தம் எப்போதும் ஒரு ரூபாய் குறைவாகவே வருகிறது. வெள்ளிக்கிழமை கடை பூட்டு. அன்றைக்கு -1 மட்டும் அடித்தால் விற்பனை -1 ரூபாய் என்கிறது. வாப்பா சிரிக்கிறார்.
தரம் 10 மாணவன், ஏறாவூர்

சிரிக்கட்டும் தம்பி. ஒரு ரூபாய் குறைந்தாலும் கண்டுபிடிக்கிற ஆள் பக்கத்தில் இருப்பது செய்நிரல் எழுதுகிறவனுக்குப் பெரிய பாக்கியம். நீங்கள் எழுதியது இது (ரீட்எல்என் என்றால் அடிப்பதை வாங்கு):

மொத்தம் := 0;
ரிப்பீட்
  ரீட்எல்என்(தொகை);
  மொத்தம் := மொத்தம் + தொகை;
அன்டில் தொகை = -1;

-1 என்பது விற்பனை அல்ல, "முடிந்துவிட்டது" என்ற சைகை. ஆனால் லூப் அதைச் சைகை என்று அறிவது அடியில், கூட்டி முடித்த பிறகு. அதற்குள் -1 மொத்தத்தில் சேர்ந்துவிட்டது.

இதற்கு ஆட்கள் போடுகிற ஒட்டு மூன்று விதம். லூப் முடிந்ததும் மொத்தத்தில் 1 கூட்டிவிடுவது ஒன்று. அதைச் செய்யவே செய்யாதீர்கள். நாளைக்கு நிறுத்தற் சைகையை -99 என்று மாற்றினால் கணக்கு மறுபடி பிசகும், ஏன் என்று யாருக்கும் விளங்காது. இரண்டாவது, சைகையை 0 ஆக்குவது. 0-ஐக் கூட்டினால் மொத்தம் மாறாதுதானே என்பார்கள். மொத்தம் மாறாதுதான், ஆனால் எத்தனை விற்பனை என்று லூப்புக்குள் எண்ணினால் அதில் ஒன்று கூடும், சராசரி பிழைக்கும். மூன்றாவது, உள்ளே ஓர் இஃப் வைத்து -1 இல்லாவிட்டால் மட்டும் கூட்டுவது. விடை சரியாக வரும். ஆனால் ஒரே கேள்வியை ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடத்தில் கேட்கிறீர்கள், ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால் போச்சு.

உங்கள் வேலைக்கு ரிப்பீட்டே பொருந்தாது. வெள்ளிக்கிழமை அதற்குச் சாட்சி: விற்பனை ஒன்றுமே இல்லாத நாள் உண்டு.

மொத்தம் := 0;
ரீட்எல்என்(தொகை);
வைல் தொகை <> -1 டூ
பிகின்
  மொத்தம் := மொத்தம் + தொகை;
  ரீட்எல்என்(தொகை);
என்ட்;

<> என்றால் 'சமமல்ல'. ரீட்எல்என் இரண்டு இடத்தில் வருகிறது, பார்க்க அழகில்லை. பரவாயில்லை. முதலாவது லூப்பின் கேள்விக்குத் தீனி, இரண்டாவது அடுத்த சுற்றுக்கு. வெள்ளிக்கிழமை -1 மட்டும் அடித்தால் இது 0 காட்டும்.

வங்கி அட்டை இயந்திரம்போல மூன்று முறை மட்டும் இரகசிய எண் கேட்கும் செய்நிரல் எழுதினேன். முதலாவது, இரண்டாவது தடவை சரியாக அடித்தால் வேலை செய்கிறது. மூன்றாவது தடவை சரியாக அடித்தாலும் "அட்டை முடக்கப்பட்டது" என்கிறது. ஏன்?
தரம் 11 மாணவன், காரைதீவு

லூப் சரியாகவே இருக்கிறது. இரகசிய எண்ணை அடித்துப் பார்க்காமல் சரியா பிழையா என்று சொல்ல முடியாது என்பதால் ரிப்பீட்தான் இங்கே உரியது. உங்கள் கடைசி வரி:

அன்டில் (எண் = சரிஎண்) ஓர் (தடவை = 3);

இந்த லூப் இரண்டு காரணங்களால் நிற்கலாம். நின்ற பிறகு எந்தக் காரணத்தால் நின்றது என்று கேட்கவேண்டும். நீங்கள் கேட்டது "தடவை = 3 ஆ?" என்று. மூன்றாவது தடவை சரியாக அடித்தவருக்கும் தடவை 3 தான், தம்பி! இரண்டு காரணமும் ஒரே நேரத்தில் உண்மையாகிவிட்டன. லூப்புக்குப் பின்னால் உள்ள இஃப்பில் தடவையை விட்டுவிட்டு எண்ணைக் கேளுங்கள்: எண் = சரிஎண் என்றால் உள்ளே விடு, இல்லாவிட்டால் முடக்கு.

மகள் வீட்டுக் கணினியில் புள்ளி பதிகிற செய்நிரல் ஒன்று செய்தாள். அவளுடைய தம்பி விளையாட்டாக ஓர் எழுத்தை அடித்தான். கறுப்புத் திரையில் "ரன்டைம் எரர் 106" என்று வந்து எல்லாம் மூடிக்கொண்டது. வைரஸா?
ஒரு தாய், சாய்ந்தமருது

வைரஸ் இல்லை சகோதரி, மகனையும் ஏச வேண்டாம். அவன் செய்ததுதான் சரியான பரிசோதனை. பாஸ்கல் செய்நிரல்களுக்கான ஃப்ரீ பாஸ்கல் மென்பொருளில் 106 என்றால், எண் வரவேண்டிய இடத்தில் எண் அல்லாதது வந்துவிட்டது என்று பொருள். மகள் எழுதிய லூப் 0-க்குக் குறைந்ததையும் 100-க்கு மேற்பட்டதையும் திருப்பி அனுப்பும். ஆனால் எழுத்து வந்தால் அந்த லூப்பின் கேள்வி வரைக்கும் போகவே முடியாது, ரீட்எல்என் வரியிலேயே செய்நிரல் விழுந்துவிடும்.

இனி மகளுக்கு. வருவதை முதலில் சொற்சரமாக, அதாவது ஸ்ட்ரிங் வகை மாறியில் வாங்குங்கள். பிறகு 'வால்' என்ற செயன்முறையிடம் கொடுத்து எண்ணாக மாற்றச் சொல்லுங்கள்:

ரிப்பீட்
  ரைட்('புள்ளி: ');
  ரீட்எல்என்(விடை);
  வால்(விடை, புள்ளி, பிழை);
  இஃப் பிழை <> 0 தென்
    ரைட்எல்என்('எண் மட்டும் அடிக்கவும்');
அன்டில் (பிழை = 0) அண்ட் (புள்ளி >= 0) அண்ட் (புள்ளி <= 100);

விடை ஸ்ட்ரிங், மற்ற இரண்டும் இன்டிஜர் (முழு எண்). மாற்றம் ஒழுங்காக நடந்தால் 'பிழை' 0 ஆகும். நடக்காவிட்டால் எத்தனையாவது எழுத்தில் தடக்கியது என்ற எண் அதில் இருக்கும். 70 என்பதற்குப் பதிலாக 7-உம் ஆங்கில ஓ எழுத்தும் அடித்தால் பிழை 2. இதைச் சும்மா சொல்லவில்லை. 0-உம் ஓவும் மாறிப்போவது தட்டச்சுப் பழகாத கைகளுக்கு அன்றாடம் நடப்பது, கண்ணால் பார்த்தாலும் இலேசில் பிடிபடாது.

ஏன் மறுபடி கேட்கிறது என்று திரையில் சொல்கிற அந்த இஃப் வரியை விட்டுவிடாதீர்கள். சொல்லாவிட்டால், அடித்துக்கொண்டிருப்பவர் கணினி இறுகிப்போனதாக நினைத்து ஆளியை அணைத்துவிடுவார். 105 அடித்தவருக்கும் இதேபோல ஒரு வரி சேருங்கள், அது உங்கள் வேலை. நிபந்தனைகளைச் சுற்றியுள்ள அடைப்புக்குறிகளும் அலங்காரத்துக்கு அல்ல. பாஸ்கலில் அண்ட், ஓர் இரண்டும் = , >= போன்ற ஒப்பீடுகளை முந்திக்கொண்டு நடக்கும். அடைப்புக்குறி இல்லாவிட்டால் 0-ஐயும் புள்ளியையும் முதலில் 'அண்ட்' செய்யப் பார்க்கும், பிறகு தொகுப்பி (செய்நிரலைக் கணினிக்கு விளங்கும்படி மாற்றுகிற மென்பொருள்) உங்களைத் திட்டும்.

கட்டங்களை அடுக்கிச் செய்நிரல் செய்யும் ஸ்கிராட்ச்சிலும் 'ரிப்பீட் அன்டில்' கட்டம் இருக்கிறது. கீழ் வகுப்பில் அதைக் காட்டித்தான் பாஸ்கலுக்குத் தயார்ப்படுத்துகிறேன். ஆனால் தரம் 10-க்குப் போன பிள்ளைகள் குழம்புகிறார்கள்.
ஆசிரியை, வாகரை

குழம்பத்தான் செய்வார்கள், டீச்சர். பெயர் ஒன்று, நடத்தை வேறு. ஸ்கிராட்ச்சின் ரிப்பீட் அன்டில் நிபந்தனையை முதலில் பார்க்கிறது. தொடங்கும்போதே நிபந்தனை உண்மையாக இருந்தால் உள்ளே இருக்கிற கட்டங்கள் ஒருமுறையும் ஓடாது. அதாவது அது தலைகீழான நிபந்தனையுடன் கூடிய வைல்தான். ஸ்கிராட்ச் திரையில் வரும் பூனை ஏற்கெனவே ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும்போது "ஓரத்தைத் தொடும்வரை 10 அடி நகர்" என்று ஓட்டிக் காட்டுங்கள். அசையாது. அந்த அசையாத பூனையை இப்போதே காட்டிவிட்டால் தரம் 10-இல் பாதி வேலை முடிந்தது. பாஸ்கல்போல நடக்கவேண்டுமென்றால், நகரும் கட்டத்தை லூப்புக்கு மேலே இன்னொரு தடவை வைக்கவேண்டும்.

என் அபிப்பிராயம், அந்தக் கட்டத்துக்கு வேறு பெயர் வைத்திருக்கலாம். நான் சொல்லி யார் கேட்கப்போகிறார்கள்.

சாதாரண தரத்தில் பாஸ்கல் படித்தேன். உயர்தரத்தில் பைதன். பைதனில் ரிப்பீட் அன்டில் எங்கே?
உயர்தர மாணவன், கல்முனை

இல்லை. தேடிக் களைக்க வேண்டாம். பாஸ்கலை 1970-இல் வெளியிட்ட நிக்லாஸ் வேர்த் ஒரு பேராசிரியர். மாணவருக்கு ஒழுங்காகச் செய்நிரல் எழுதப் பழக்குவதற்கென்றே அதை வடிவமைத்தார். முன்னால் கேட்பதற்கு ஒன்று, பின்னால் கேட்பதற்கு ஒன்று என்று இரண்டு லூப்புகளையும் வைத்தார். (2024 ஜனவரி முதலாம் திகதி அவர் காலமானார். சாதாரண தரத்துக்குப் பாஸ்கல் எழுதிய நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அவர் பெயரை அறிவார்கள்?) பைதன் மொழியை ஆக்கியவர்கள் கட்டளைகளைக் குறைவாக வைத்திருக்க விரும்பினார்கள். பின்னால் கேட்கிற லூப் ஒன்றைச் சேர்க்கலாம் என்று 2003-இல் பெப் 315 என்ற முன்மொழிவு வந்தது, பிறகு அது நிராகரிக்கப்பட்டது. ஆகவே எல்லாரும் எழுதுவது இப்படி:

வைல் ட்ரூ:
    புள்ளி = இன்ட்(இன்புட்('புள்ளி: '))
    இஃப் 0 <= புள்ளி <= 100:
        பிரேக்

வைல் ட்ரூ என்றால் நிற்காமல் ஓடு, பிரேக் என்றால் லூப்பை விட்டு வெளியேறு. கேள்வியைக் கடைசி வரியில் வைத்தால் அது அப்படியே ரிப்பீட் அன்டில். இஃப்பில் எழுதுவதும் நிறுத்துவதற்கான நிபந்தனைதான், அன்டிலில் எழுதியதைப் போலவே. அதனால் உங்கள் பழைய செய்நிரல்களை மாற்றும்போது நிபந்தனையைத் திருப்ப வேண்டியதில்லை.

இதில் ஓர் இலாபமும் உண்டு. கேள்வியை நடுவிலும் வைக்கலாம். மேலே ஏறாவூர்த் தம்பியின் கடைக் கணக்கைப் பாருங்கள்: தொகையை வாங்கு, -1 என்றால் பிரேக், இல்லாவிட்டால் கூட்டு. வாங்கும் வரி ஒன்றே போதும். உண்மையைச் சொன்னால் அந்த வேலைக்கு வைலும் ரிப்பீட்டும் இரண்டுமே அளவான சட்டை அல்ல, இதுதான் அளவு. ஆனால் வைல் ட்ரூ எழுதி பிரேக்கை மறந்தால் நிற்காது. அப்போது கன்ட்ரோல் விசையோடு சீ எழுத்தை அழுத்துங்கள்.

பாஸ்கலில் எழுதிய லூப்பை ஜாவா மொழியின் 'டூ வைல்' ஆக மாற்றினேன். சரியான புள்ளி கொடுத்தால் திரும்பத் திரும்பக் கேட்கிறது, பிழையான புள்ளி கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறது.
பல்கலைக்கழக முதலாம் வருட மாணவி, ஒலுவில்

இரண்டுமே பின்னால் கேட்கிறவை, ஆனால் கேட்பது எதிரெதிர். அன்டிலில் நிபந்தனை உண்மையானால் நிற்கும். டூ வைலில் நிபந்தனை உண்மையாக இருக்கும் வரைக்கும் ஓடும். நீங்கள் நிபந்தனையை அப்படியே தூக்கி வைத்துவிட்டீர்கள்.

திருப்பும்போது பலரும் பாதி வழியில் நிற்பார்கள். 0 அல்லது கூட, அண்ட், 100 அல்லது குறைய என்பதன் மறுதலை: 0-ஐ விடக் குறைய, ஓர், 100-ஐ விடக் கூட. ஒப்பீடுகள் திரும்பும்போது அண்ட்டும் ஓர் ஆகத் திரும்பவேண்டும். ஒப்பீடுகளை மட்டும் திருப்பி அண்ட்டை அப்படியே விட்டால், ஒரே புள்ளி 0-க்குக் குறைவாகவும் 100-க்கு மேலாகவும் இருக்கவேண்டும் என்று ஆகிவிடும். அப்படி ஓர் எண் கிடையாது, லூப் எதைக் கொடுத்தாலும் ஒரே சுற்றில் முடியும். உயர்தரத்தில் தர்க்கப் படலைகளோடு படித்த டி மோர்கன் விதி இதுதான். சந்தேகமாக இருந்தால் பழைய நிபந்தனை முழுவதையும் அடைப்புக்குள் போட்டு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி வையுங்கள். ஜாவாவில் அது மறுதலைக் குறி, விடை ஒன்றுதான்.

இன்னொன்று: அடுத்துத் தொகுக்கும்போது, புள்ளி என்ற மாறியை லூப்பின் நெளி அடைப்புக்குள் அறிவித்திருந்தால், கீழே வைல் வரியில் "அப்படியொரு மாறி இல்லை" என்று ஜாவா சொல்லும். அடைப்புக்குள் பிறந்தது அடைப்போடு முடிந்தது. அறிவிப்பை டூவுக்கு மேலே எடுங்கள். பாஸ்கலில் மாறிகளை எல்லாம் தலைப்பிலேயே அறிவித்துப் பழகியதால் இந்தத் தொல்லையை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள்.

0-இலிருந்து 0.1, 0.1 ஆகக் கூட்டி, 1 ஆனதும் நிற்கச் சொன்னேன். நிற்கவேயில்லை.
தரம் 11 மாணவன், திருக்கோவில்

அன்டில் எ = 1 என்று எழுதியிருப்பீர்கள். கணினி பயன்படுத்தும் இரும எண்ணில் (0, 1 மட்டும் கொண்டது) 0.1-ஐ முழுமையாக எழுத முடியாது, ஒவ்வொரு தடவையும் ஒரு துளி பிசகும். கூட்டுத்தொகை 1-க்கு மிகக் கிட்ட வந்து, 1-ஐத் தொடாமலே தாண்டிப் போய்விடும். >= போட்டால் நிற்கும், ஆனால் ஒரு சுற்றுக் கூட ஓடக்கூடும். சுற்றுகளை 1, 2, 3 என்று முழு எண்ணால் எண்ணி, 10 ஆனதும் நிறுத்துங்கள். 0.1 தேவைப்படுகிற இடத்தில் அந்த எண்ணை 10-ஆல் வகுத்தால் சரி.